எந்தத் தொந்தரவும் இல்லையே, பிறகு எதற்குப் பரிசோதனை?

"அக்கா, எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. எரிச்சல் இல்லை, புண் இல்லை, காய்ச்சல் இல்லை. பிறகு எதற்காக நான் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?"

இருபத்தொரு வயதான என் உறவுக்காரத் தம்பி ஒருவன் சில மாதங்களுக்கு முன் ஓர் இரவில் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட கேள்வி இது. அவனோடு பழகி, நான்கு மாதங்களுக்கு முன் பிரிந்துபோன பெண் அன்று மாலை அவனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். தனக்குக் கிளமிடியா என்ற பாலியல் தொற்று இருப்பது தெரியவந்து சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பதாகவும், அவனும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றும் அதில் எழுதியிருந்தார். அவன் அதைப் பழி சுமத்தும் முயற்சியாக எடுத்துக்கொண்டு கொதித்துப்போயிருந்தான். தன் உடம்பில் எதுவுமே தெரியவில்லை என்பதைத் தன் பக்கத்து நியாயமாக அவன் மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் மருத்துவர் இல்லை. மாதிரிகளைப் பெற்று, பரிசோதித்து, முடிவை எழுதிக் கொடுக்கும் ஆய்வகப் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவள். அன்றிரவு பத்து நிமிடங்களில் அவனுக்குச் சொன்னது போதாது என்ற உறுத்தல் எனக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. அதே கேள்வியை ஆய்வகத்தின் வரவேற்பு மேசையருகே குரலைத் தாழ்த்திக் கேட்ட இளைஞர்களையும் இளம்பெண்களையும், கேட்டுவிட்டுப் பரிசோதிக்காமலேயே திரும்பிப் போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, அவனுடைய சம்மதத்தோடு, அன்று விட்டுப்போனவற்றையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாம் நெடுங்காலமாகப் 'பால்வினை நோய்' என்று சொல்லிவருகிறோம். மருத்துவத் துறையினர் இப்போது 'பாலியல் தொற்று' என்ற சொல்லையே அதிகம் விரும்புகிறார்கள். நோய் என்றவுடன் உடம்பு வாடுவதும் வலிப்பதும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. தொற்று என்பது கிருமி உடலுக்குள் குடியேறிவிட்ட நிலை. அந்த நிலையில் ஒருவர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சில தொற்றுகளில் ஆண்டுக்கணக்கில், எந்த வேறுபாட்டையும் உணராமல் உண்டு உறங்கி நடமாடிக்கொண்டிருக்கலாம். 2020-ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களிடையே கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கு தொற்றுகளும் சேர்ந்து உலகெங்கும் 37.4 கோடி முறை புதிதாக ஏற்பட்டன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் என்று இதற்குப் பொருள். இந்த நான்குமே உரிய மருந்தால் முற்றிலும் குணமாகக்கூடியவை. அப்படியிருந்தும் எண்ணிக்கை இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு முதன்மையான காரணம், இவற்றில் பெரும்பாலானவை வெளியே தெரிவதில்லை என்பதுதான்.

கிளமிடியாவையே எடுத்துக்கொள்வோம். அது உயிரணுக்களுக்கு உள்ளே புகுந்து அங்கேயே பெருகும் ஒரு பாக்டீரியா. தொற்றுக்கு ஆளான பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கும், ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும் அது எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. வெளியே அமைதியாக இருக்கும் அந்தக் காலத்தில் கருப்பை வாயிலிருந்து மேலேறி, கருக்குழாய்களின் உட்சுவரில் அது அழற்சியை உண்டாக்கக்கூடும். அழற்சி ஆறும்போது தழும்பு விழுகிறது. கருமுட்டையை மெல்ல நகர்த்திச் செல்ல வேண்டிய நுண்மயிர்கள் அந்தத் தழும்பில் அழிந்துபோகின்றன. குழாய் குறுகுகிறது, சில நேரங்களில் முழுவதும் அடைபட்டுவிடுகிறது. பின்னாளில் கரு கருப்பைக்கு வந்து சேர முடியாமல் குழாயிலேயே தங்கிவிட்டால் அது தாயின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இருபது வயதில் வந்த தொற்று, பல ஆண்டுகள் கழித்துக் குழந்தைக்காகக் காத்திருக்கும்போது முதன்முதலாகத் தன்னைத் தெரியப்படுத்திக்கொள்வது இப்படித்தான். தொற்று வந்த எல்லோருக்கும் இது நேர்வதில்லை. விரைவில் கண்டறிந்து சிகிச்சை பெற்றால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆனால் விழுந்துவிட்ட தழும்பை எந்த மாத்திரையாலும் அகற்ற முடியாது. ஆண்களுக்கு விரைப்பையில் வீக்கமும் வலியும் ஏற்படலாம் என்றாலும், இந்தத் தொற்றின் பாரத்தைப் பெரும்பாலும் பெண்ணின் உடலே சுமக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லையே என்று சொல்லும் ஆண்கள் இந்த ஒன்றையாவது நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்கிறேன்.

சிபிலிஸ் வேறு விதமாக ஏமாற்றும். கிருமி புகுந்த இடத்தில், பொதுவாக மூன்று வாரங்கள் அளவில், ஒரு புண் தோன்றுகிறது, அது வலிப்பதில்லை. வாயின் உட்புறத்திலோ, கருப்பை வாயிலோ, மலவாயிலோ தோன்றினால் கண்ணிலும் படாது. சில வாரங்களில் எந்த மருந்தும் இல்லாமல் தானாகவே ஆறிவிடும். தடவிய களிம்பு வேலை செய்துவிட்டது என்று நினைத்து நிம்மதி அடைந்தவர்களை நான் அறிவேன். கிருமி அதற்குள் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவியிருக்கும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூடத் தடிப்புகள் தோன்றலாம். அவை பெரும்பாலும் அரிப்பதில்லை. அவையும் தாமாக மறையும். அதற்குப் பின் வருவது பல ஆண்டுகள் நீளக்கூடிய முழு அமைதி. சிகிச்சை பெறாதவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த அமைதியின் முடிவில் இதயமும் மூளையும் நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. கண், காது, நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு தொடக்க நிலையிலேயே வருவதும் உண்டு. கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவினால் குழந்தை இறந்தே பிறக்கவும் நேரிடும். இத்தனைக்கும் 1943-இல் முதன்முதலாக இதற்குக் கொடுக்கப்பட்ட பென்சிலின் இன்றுவரை இதைக் குணப்படுத்துகிறது. தொடக்க நிலையில் கண்டறிந்துவிட்டால் பெரும்பாலும் ஒரே ஒரு ஊசி போதும்.

இளைஞர்களைப் பற்றி ஏன் தனியாகப் பேச வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையங்கள் 2018-ஆம் ஆண்டுக்குக் கணித்த 2.6 கோடி புதிய தொற்றுகளில் ஏறத்தாழ பாதி 15 முதல் 24 வயதினருக்கு ஏற்பட்டவை. இதைக் கேட்டவுடன் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். உடலியல் காரணம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. பதின்பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் பெண்களின் கருப்பை வாயின் வெளிப்புறத்தில், வயது ஏற ஏற உட்புறமாக ஒதுங்கிவிடும் மென்மையான ஓரடுக்கு உயிரணுக்கள் பரவலாக வெளிப்பட்டிருக்கின்றன. கிளமிடியாவும் கொனோரியாவும் பற்றிக்கொள்ள விரும்புவது அந்த உயிரணுக்களைத்தான். ஒரே தொடர்பில் இளம்பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு கூடுவதற்கு அவளுடைய குணம் காரணமாக இல்லாமல் வயதே காரணமாக இருக்கலாம். இதற்குமேல், உறவுகள் குறுகிய காலத்தில் மாறும் வயது அது. மருத்துவரிடம் தனியாகச் சென்று பழகாத வயது. கையில் சொந்தப் பணம் இல்லாத வயது. ஆணுறையை வலியுறுத்தினால் நம்பிக்கையில்லை என்று பொருளாகிவிடுமோ என்று அஞ்சும் வயது. வயதில் மூத்த துணையிடம் அதை வலியுறுத்தும் துணிவு இல்லாமல் போனவர்களும் உண்டு; சம்மதமே கேட்கப்படாதவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் அறிவுரையைவிட, குற்றம் சாட்டாத ஒரு மருத்துவ அறைதான் முதலில் தேவைப்படுகிறது.

தம்பி அன்றிரவு கேட்ட இன்னொரு கேள்வி, "அப்படியானால் யார் யாருக்குக் கொடுத்தது?" என்பது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் சிபிலிஸ் பரவியபோது இத்தாலியர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள்; பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள்; தமிழிலும் அதற்குப் பறங்கிப்புண், அதாவது ஐரோப்பியரின் புண், என்று ஒரு பெயர் உண்டு. எல்லா மொழிகளும் அந்த நோயை அடுத்தவர் வீட்டு வாசலில்தான் கொண்டுபோய் வைத்தன. ஆய்வகத்தில் இருப்பவள் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: கிளமிடியா பரிசோதனையின் முடிவுத்தாளில் இருக்கிறது அல்லது இல்லை என்பதற்கு மட்டுமே இடம் உண்டு. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை அந்தப் பரிசோதனையால் சொல்ல முடியாது. அறிகுறியே இல்லாமல் பல மாதங்கள் தங்கியிருக்கக்கூடிய தொற்று என்பதால், இப்போதைய உறவில் இருவரும் நேர்மையாக இருந்தும் ஒருவரிடம் அது கண்டறியப்படலாம். முன்பே அவனிடம் இருந்து அந்தப் பெண்ணுக்குப் போயிருக்கலாம்; அவரிடமிருந்து அவனுக்கு வந்திருக்கலாம். இதை ஆராய்வதில் செலவாகும் ஒவ்வொரு நாளும் சிகிச்சை தள்ளிப்போகும் நாள்.

பரிசோதனையைப் பற்றிய அச்சத்தில் பாதி, அது எப்படி நடக்கும் என்று தெரியாததால் வருவது. கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் ஆண்களிடம் பெரும்பாலும் சிறுநீர் போதும். பெண்களுக்கு, பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி போதும்; பல இடங்களில் அதைத் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம். வாய்வழியாகவோ மலவாய் வழியாகவோ உறவு இருந்திருந்தால் அந்த இடங்களிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். சிறுநீரை மட்டும் பார்த்தால் தொண்டையில் இருக்கும் தொற்று தப்பிவிடும். ஆகவே மருத்துவரிடம் இதை மறைக்கக் கூடாது. சிபிலிஸ், எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை.

இதில் காலம் மிக முக்கியம். கிருமி புகுந்த மறுநாளே அது பரிசோதனையில் தெரிந்துவிடாது. இடைப்பட்ட நாட்களைச் 'சாளர காலம்' என்பார்கள். கிளமிடியாவுக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள். எச்.ஐ.வி.க்கு, கிருமியின் புரதத்தையும் உடலின் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வகப் பரிசோதனையில் 18 முதல் 45 நாட்கள். எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் பரிசோதனையில் 90 நாட்கள் வரை ஆகலாம். சிபிலிஸுக்கும் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை பொறுக்க வேண்டியிருக்கும். பயத்தில் மூன்றாம் நாளே ஓடிவந்து பரிசோதித்து, இல்லை என்ற முடிவைப் பார்த்துவிட்டு மறுபடி வராமலே போகிறவர்களை நினைத்தால் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. அந்த முடிவுத்தாள் பொய் சொல்லவில்லை. அது சாளர காலத்துக்கு முந்தைய நாட்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஒன்று மட்டும் உண்மையிலேயே அவசரமானது. எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்று அஞ்சத்தக்க தொடர்பு நேர்ந்தால், 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு முன்னதாக முடியுமோ அவ்வளவு முன்னதாக, தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். அதற்கு ஆய்வகத்தை நாடிக் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிகிச்சையில் நடக்கும் தவறுகளில் என்னை அதிகம் வருத்துவது, நண்பனிடம் மிச்சமிருந்த மாத்திரையை வாங்கி விழுங்குவது. எந்தக் கிருமி என்று தெரியாமல், அரைகுறை அளவில் எடுத்த மருந்து எரிச்சலை அடக்கிவிட்டு, கிருமியை மிச்சம் வைத்துவிடும். வெட்டை நோய் என்று நம் முன்னோர் சொன்ன கொனோரியா இந்த வகையில் மிகவும் அச்சமூட்டுவது. சல்ஃபா மருந்துகள், பென்சிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஒவ்வொன்றாக எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டு, இன்று பெரும்பாலும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி ஒன்றையே நம்பியிருக்கும் நிலைக்கு மருத்துவத்தைக் கொண்டுவந்துவிட்டது. அதற்கும் கட்டுப்படாத கிருமிகள் சில நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன. துணைக்குச் சிகிச்சை தராமல் தான் மட்டும் மருந்து எடுத்துக்கொள்வதும் வீண்தான். ஒருமுறை குணமானால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு இந்தத் தொற்றுகளில் கிடையாது. ஆகவேதான் இருவரும் சிகிச்சையை முடிக்கும்வரை உறவைத் தவிர்க்கச் சொல்வதும், மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்கச் சொல்வதும்.

வைரஸ் தொற்றுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெர்பீஸ் உடலில் தங்கிவிடும். ஆனால் மருந்தால் அதன் கொப்புளங்களையும் பரவும் வாய்ப்பையும் குறைக்கலாம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. எச்.ஐ.வி.க்கு நாள்தோறும் மருந்து எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே அது பரவுவதில்லை என்பது இப்போது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. எச்.பி.வி. எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸ் பற்றித்தான் பெற்றோரிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடலுறவில் ஈடுபடும் பெரும்பாலோருக்கும் வாழ்நாளில் ஒருமுறையேனும் வந்துபோகும் தொற்று அது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே அதை விரட்டிவிடும். விரட்டப்படாமல் தங்கிவிடும் சில வகைகளே கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகின்றன. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே அந்தப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்ததற்காக ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு ட்சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே தடுப்பூசி வந்துவிட்டது. தொற்று ஏற்படுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பயன் என்பதால் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். 20 வயது வரை ஒரே தவணைகூடப் போதுமானதாக அமையலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்தது. சின்னப் பிள்ளைக்கு இப்போதே எதற்கு என்று தள்ளிப்போடும் பெற்றோர், அந்த வயதுதான் அதற்கு உரிய வயது என்பதை அறிய வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கும் தொண்டைப் புற்றுநோய், பிறப்புறுப்பு மருக்கள் ஆகியவற்றுக்கு எதிராக அது பயன் தரும்.

ஆணுறையைப் பற்றி மிகையாகவும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றை, ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே சரியாக அணிந்தால், அது மிக நன்றாகத் தடுக்கிறது. தோலோடு தோல் உரசுவதால் பரவும் ஹெர்பீஸ், எச்.பி.வி., சிபிலிஸ் ஆகியவற்றில், அது மூடாத இடங்களில் பாதுகாப்பு இல்லை. எண்ணெய்ப் பசையுள்ளவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தினால் ரப்பர் ஆணுறை பலவீனமடைந்து கிழியும். கருத்தடை மாத்திரை கருவைத்தான் தடுக்கும். எந்தத் தொற்றையும் தடுக்காது. படித்த இளைஞர்களும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

மீண்டும் அந்தக் குறுஞ்செய்திக்கு வருகிறேன். பிரிந்துபோன ஒருவருக்கு, அவர் கோபப்படுவார், பிறரிடம் சொல்லி அவமானப்படுத்தவும் கூடும் என்று தெரிந்திருந்தும், உனக்கும் இருக்கலாம், பார்த்துக்கொள் என்று எழுதுவதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும்! அந்தப் பெண் சொல்லாமல் இருந்திருந்தால் என் தம்பிக்கு ஒருபோதும் தெரிந்திருக்காது. அவன் அப்போது ஒரு மாதமாக வேறொருவரோடு பழகிக்கொண்டிருந்தான், அவருக்கும் தெரிந்திருக்காது. இதை அவனிடம் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நான் அவளுக்குத் திருப்பி எழுதினதை நீ படிக்கக் கூடாது அக்கா" என்றான். நானும் கேட்கவில்லை.

அவனுடைய சிறுநீர் மாதிரியில் கிளமிடியா இருந்தது. மருத்துவர் ஏழு நாள் மாத்திரை கொடுத்தார். இப்போது பழகுபவரிடம் எப்படிச் சொல்வது என்று அவன் என்னைத்தான் கேட்டான். நாங்கள் இருவரும் உட்கார்ந்து நான்கு வரிகள் எழுதினோம்: எனக்குக் கிளமிடியா இருப்பது தெரிந்தது, அறிகுறி இல்லாததால் இதுவரை எனக்குத் தெரியாது, மருந்தால் குணமாகிவிடும், ஆனால் நீயும் பரிசோதிக்க வேண்டும், விரும்பினால் நானும் கூட வருகிறேன். யாரால் வந்தது என்ற பேச்சையும், மன்னிப்பை மன்றாடிக் கேட்கும் நீண்ட வரிகளையும் அவன் முதலில் எழுதிவிட்டு, பிறகு தானே அழித்தான். அவர்கள் இருவரும் சேர்ந்தே போனார்கள்.

எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் அவனுக்கு இல்லை என்று முதல் முடிவு வந்தது. புதிய உறவு தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்ததால் அதை இறுதி முடிவாகக் கொள்ள முடியாது என்று அவனிடம் விளக்கினேன். மூன்று மாதம் கழித்து மீண்டும் வர வேண்டிய நாளை அவனே நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கிறான். அது அடுத்த மாதம் பதினோராம் தேதி.